சென்னைப் பாய்மரப் பந்தயத்துக்கு எந்த லைஃப் ஜாக்கெட்? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு ஒப்பீடு

காட்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருந்துகொண்டு வார இறுதியில் சென்னைக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் சொற்பம்தான். பாலாற்றில் தண்ணீரைவிட மணல் லாரி அதிகம் ஓடிய பகுதி இது, கடலைப் பார்க்க 140 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் போகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்கள். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஓட்டி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கிய பிறகு "நம்ம ஊர்ப் பையன்" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது இவர்களில் பலர் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். அறிவிப்பில் "சூழ்நிலைக்குப் போதுமான மிதவை அங்கி" என்று இருக்கும். கடையிலோ ஆன்லைனிலோ பார்த்தால் 50, 100, 150 என்று எண்கள், ஃபோம், வாயு நிரம்புவது, ஆரஞ்சு, கறுப்பு என்று வகைகள். எது "போதுமானது" என்று எங்கும் எழுதியிருக்காது. உடனே எல்லாரும் செய்வது, இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவது. பாதுகாப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது நல்ல எண்ணம்தான், ஆனால் இங்கே அது தப்பான ஜாக்கெட்டில் கொண்டுபோய் விடும். டிங்கியில், அதாவது எளிதில் கவிழும் சின்னப் பாய்மரப் படகில், 150 போட்டுக்கொண்டு கவிழ்ந்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

எந்தக் காகிதம் உங்களைக் கட்டுகிறது என்று பார்த்துவிட்டால் ஜாக்கெட் கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். அதனால் விதியிலிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

## விதியை எப்படிப் படிப்பது

உலகெங்கும் பாய்மரப் பந்தயங்கள் வேர்ல்ட் செயிலிங் அமைப்பின் பந்தய விதிகளின்படிதான் நடக்கின்றன. நாலு ஆண்டுக்கு ஒரு புதுப்பதிப்பு, இப்போது நடப்பில் இருப்பது 2025–2028. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பழைய பிடிஎஃப்பை வைத்து வாதாட வேண்டாம். மிதவை அங்கி பற்றிய 40ஆம் விதியே 2020 வரை ஒரே பத்தியாக இருந்தது, அதற்கு அடுத்த பதிப்பில்தான் இரண்டாகப் பிரித்து எழுதினார்கள்.

முதலில் 1.2ஆம் விதி. அதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது, பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது படகைப் பற்றியது: படகில் இருக்கும் எல்லாருக்கும் போதுமான உயிர்காப்புச் சாதனம் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது உடனே எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், படகு வகுப்பின், அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய படகுகளின், சொந்த விதி வேறு மாதிரி சொன்னால் தவிர. இரண்டாவது உங்களைப் பற்றியது: சூழ்நிலைக்குப் போதுமான மிதவை அங்கியை அணிவது ஒவ்வொரு போட்டியாளரின் சொந்தப் பொறுப்பு. ஸ்கிப்பர் போடச் சொல்லவில்லை, கிளப் கொடுக்கவில்லை, பந்தயத்தை நடத்தும் கமிட்டி கொடி ஏற்றவில்லை என்பதெல்லாம் இங்கே பதிலாகாது.

"உடனே எடுக்கும்படி" என்பதையும் அலட்சியமாகத் தாண்ட வேண்டாம். பெரிய படகுகளில் ஜாக்கெட்டுகளை முன் லாக்கரில் போட்டு, மேலே உபரிப் பாயை அமுக்கி, அதன் மேல் ஆளுக்கொரு பையை வைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும். ஒருவர் விழுந்த நொடியில் அவரை நோக்கி வீச எதுவும் கையில் இருக்காது. அந்தப் படகு விதியை நிறைவேற்றவில்லை என்றுதான் நான் படிப்பேன்.

அடுத்தது 40. மிதவை அங்கி கட்டாயம் என்று அது சொல்கிறது, ஆனால் யாராவது எழுப்பினால்தான் எழும். பந்தய அறிவிப்பிலோ, எஸ்ஐ என்று எல்லாரும் சொல்கிற பந்தய நடைமுறை ஆவணத்திலோ "40.1 பொருந்தும்" என்று எழுதியிருந்தால் எழும். இல்லையென்றால் ஒய் கொடி, அதாவது மஞ்சளும் சிவப்பும் சாய்கோடுகளாக இருக்கும் கொடி, ஓர் ஒலியோடு ஏறினால் எழும். கொடி எங்கே ஏறியது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில், கமிட்டிப் படகில், பந்தயம் தொடங்கும் முன் கொடுக்கும் எச்சரிக்கை சிக்னலுக்கு முன்போ அதோடு சேர்ந்தோ ஏறினால் அந்தப் பந்தயத்தில் ஓட்டும் நேரத்துக்குக் கட்டாயம். கரையில் ஏறினால் அன்றைக்கு நீரில் இருக்கும் எல்லா நேரமும் கட்டாயம், இரண்டு பந்தயத்துக்கு நடுவே பிஸ்கட் தின்னும் நேரம் உட்பட. உடையைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் கழற்றலாம், அவ்வளவுதான் விலக்கு. வெட்சூட், அதாவது நீரில் சூடு காக்கும் இறுக்கமான ரப்பர் உடை, மிதவை அங்கி ஆகாது என்றும் அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது, ஆகவே "வெட்சூட்டே மிதக்குதே" என்ற வாதம் செல்லாது.

மீறினால் என்ன? வழிவிடாமல் போனதற்கும் பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையை இடித்ததற்கும் படகைச் சுற்றுச் சுற்றித் தண்டனையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஜாக்கெட் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. யாராவது புகார் கொடுத்து நிரூபணமானால், எஸ்ஐயில் வேறு தண்டனை எழுதியிருந்தாலொழிய, அந்தப் பந்தயத்தில் தகுதி நீக்கம்தான். ஜிப்பைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கியதற்காக ஒரு முதலிடம் போவதைப் பார்க்க வயிறு எரியும்.

மூன்றாவது, படகு வகுப்பின் விதி. பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். அதில் "போதுமான" என்ற மூட்டமே இல்லை. ஐஎஸ்ஓ 12402-5 என்ற சர்வதேசத் தரம், அதாவது 50 நிலை, அல்லது அதற்குச் சமமான அங்கி, தயாரிப்பாளர் வைத்த எல்லாக் கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும், விசில் அங்கியோடு கட்டியிருக்க வேண்டும். படகிலும் தண்ணீர் இறைக்க ஒரு லிட்டராவது பிடிக்கும் குவளை படகோடு கட்டியபடி, 8 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, ஒரு துடுப்பு. பெற்றோர் ஜாக்கெட்டுக்கே எல்லாக் கவலையும் பட்டுவிட்டு அந்தக் கயிற்றை மறந்துவிடுவார்கள், சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் கயிறும் விசிலும்தான்.

நாலாவது, ஆஃப்ஷோர் சிறப்பு விதிகள். கரையை விட்டு விலகிப் போகும் பந்தயங்களுக்கானவை, 0 முதல் 4 வரை பிரிவுகள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 போட்டியாளர்களும் 1998 சிட்னி–ஹோபார்ட்டில் 6 பேரும் இறந்த மாதிரி அனுபவங்களால் இறுகிய விதிகள் அவை. அங்கேதான் 150 நிலை, கால் நடுவே வரும் பட்டை, விளக்கு, ஒளி திருப்பும் பட்டை, பெயர் எழுதுவது என்றெல்லாம் வரும். ஆனால் பந்தய அறிவிப்பு இந்த விதிகளைப் பெயர் சொல்லி, பிரிவும் சொல்லி அழைத்தால்தான் உங்களைக் கட்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மிதவைகளைச் சுற்றிவரும் டிங்கிப் பந்தயத்துக்குப் போகிறவர் இணையத்தில் இதைப் படித்துவிட்டு 150 வாங்கப் புறப்படுவதுதான் நான் பார்க்கும் குழப்பங்களிலேயே பெரியது.

இதற்கெல்லாம் மேலே 3ஆம் விதி: பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகுடையது. கமிட்டி பந்தயத்தை ரத்து செய்யவில்லை என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

## எதை வைத்து எடை போடலாம்

நான் ஐந்து கேள்வி கேட்பேன். உங்களுக்கான காகிதம் எண் எதையாவது கேட்கிறதா? உங்கள் படகு கவிழும் ரகமா? விழுந்தால் உதவிப் படகு எவ்வளவு பக்கம்? மே மாத வெயிலில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு இருக்க முடியுமா? வாங்கிய பிறகு, வேலூரில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பராமரிக்க முடியுமா?

எண் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நியூட்டன், சுமாராகப் பத்து நியூட்டன் ஒரு கிலோ தூக்கும் விசை. பெரியவர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்கக் கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ தூக்கல் இருந்தால் பெரும்பாலும் போதும், உடம்பின் மீதிப் பாரத்தை நீரே தாங்குகிறது. ஆன்லைனில் "120 கிலோ" என்று விளம்பரம் செய்வது போடுகிறவரின் எடை, மிதக்கும் திறன் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு வாங்கியவர்கள் நிறைய.

## 50 நிலை ஃபோம் அங்கி

கை இல்லாத, இடுப்போடு நிற்கும், டிங்கி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் போடுவது. நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு என்று தயாரிக்கப்பட்டது. மயங்கியவரை முகம் மேலே வரும்படி திருப்பாது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதனால்தான் உதவிப் படகு பக்கத்தில் இருக்கிறதா என்ற கேள்வி.

ஆனால் டிங்கியில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். படகு கவிழ்கிறது, பாய் உங்கள் மேல் விரிந்து படுக்கிறது. கையால் பாயைத் தூக்கிக் காற்றுக்கு இடம் செய்துகொண்டு, தலையை நீருக்குள் கொஞ்சம் அமிழ்த்தி, ஓரத்துக்கு நகர்ந்து வெளியே வர வேண்டும். பிறகு படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையான சென்டர்போர்டைப் பிடித்து மேலே ஏறிப் படகை நிமிர்த்த வேண்டும். 50 போட்டவர் இதைச் செய்யலாம். மார்பில் பெரிய ஃபோம் மெத்தையோடு இருப்பவர் பாய்க்கு அடியில் கூரையில் ஒட்டிய பல்லியாக மாட்டிக்கொள்வார். கூடுதல் மிதவை இங்கே கூடுதல் ஆபத்து. 1.2 சொல்லும் "சூழ்நிலைக்குப் போதுமான" என்பதற்குள் இதுவும் அடக்கம் என்பதே என் வாசிப்பு.

மறைமுகச் செலவு என்று பெரிதாக இல்லை. பிள்ளைகளுக்கு வளர வளர மாற்ற வேண்டும், "ரெண்டு வருஷம் வரட்டும்" என்று பெரிய அளவு வாங்குவது இதில் மட்டும் கூடாது. போட்டுப் பார்க்கும்போது எல்லாக் கொக்கியையும் மாட்டிவிட்டு, பிள்ளையைக் கையைத் தூக்கச் சொல்லி, பின்னாலிருந்து இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுங்கள். காதுக்கு மேலே ஏறி முகத்தை மூடினால் அந்த ஜாக்கெட் வேண்டாம். இடுப்புப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து இன்னொரு தடவை இழுங்கள், அப்போதும் ஏறினால் அளவு தப்பு.

ஃபோம் காலப்போக்கில் அமுங்கும். அதை மெத்தையாகப் போட்டு உட்காருவது, கார் டிக்கியில் கனமான பைக்கு அடியில் திணிப்பது, மொட்டை மாடியில் நாள் கணக்கில் காயவிடுவது, மூன்றும் ஆயுளைக் குறைக்கும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டால் போதும்.

## 100, 150 நிலை ஃபோம் ஜாக்கெட்

ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகு ஏறும்போது மாட்டிவிடுவார்களே, அந்தத் தோற்றத்தில் கழுத்தைச் சுற்றி வரும் தடித்த ஆரஞ்சு. தோற்றம்தான் ஒன்று, தரம் ஒன்று என்று நினைக்க வேண்டாம், உள்பக்கம் உள்ள லேபிளைப் படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 12402-4 என்றால் 100 நிலை, 12402-3 என்றால் 150. எந்தத் தர எண்ணும் இல்லாமல் ஆரஞ்சுத் துணியும் பட்டையும் மட்டும் இருப்பதைச் சோதனை அதிகாரி ஏற்காவிட்டால் சண்டை போட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

100 நிலை அமைதியான நீரில் மயங்கியவரைத் திருப்பக்கூடும். 150 நிலை அலையுள்ள கடலிலும் திருப்பும்படி செய்யப்பட்டது. நீச்சல் தெரியாதவர் பெரிய கீல் படகில், அதாவது அடியில் கனமான எடை வைத்த, எளிதில் கவிழாத படகில், கூட்டத்தோடு போனால், அல்லது உதவிப் படகில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு, இதுதான் சரி. விலையும் கட்டுப்படியாகும், கெட்டுப்போக உள்ளே இயந்திரம் எதுவும் இல்லை.

பிரச்சினை வெயிலும் அசைவும். சென்னைக் கடல் நீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பானது, ஐரோப்பியக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதும் குளிர் அதிர்ச்சி நம் தலைவலி இல்லை. நமக்கு வியர்வை, நீரிழப்பு, மயக்கம்தான். தடித்த ஜாக்கெட்டை மதியம் வரை போட்டிருக்க முடியாமல் கழற்றிக் காலடியில் வைப்பார்கள். கழற்றி வைத்த 150ஐவிட மாட்டியிருக்கும் 50 மேல். டிங்கியில் பூம் என்கிற பாயின் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் குனிந்து பக்கம் மாறும்போதெல்லாம் கழுத்துப்பகுதி கயிற்றில் சிக்கும் தொல்லை வேறு.

இன்னொன்று நம் ஊருக்கே உரிய ஆபத்து. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல், ஷூ வேலை தெரிந்தவர்கள் நிறைந்த பக்கம் இது. "கால் நடுவே பட்டை இல்லையா, நம்ம ஆளிடம் கொடுத்தால் அருமையாகத் தைத்துத் தருவார்" என்று யாராவது சொல்வார்கள். தையல் அருமையாகத்தான் இருக்கும். ஆனால் தயாரிப்பாளர் சோதித்த வடிவத்தை மாற்றிவிட்டால் அந்தத் தரச் சான்று இந்த ஜாக்கெட்டுக்குப் பேசாது, வாயு நிரம்பும் வகையில் ஊசி உள்பையைத் தொட்டால் ஜாக்கெட்டே போச்சு. பட்டையை அதே தயாரிப்பாளரின் உபரி பாகமாக வாங்குங்கள்.

## வாயு நிரம்பும் 150

பார்க்க ஆடம்பரமாக இருக்கும், கழுத்தில் ஒரு தடித்த பட்டை மாதிரி, அணிந்திருப்பதே தெரியாது. ஆசை வருவது நியாயம். கீல் படகில், கரையை விட்டு விலகிப் போகும் பந்தயத்தில், அறிவிப்பு ஆஃப்ஷோர் விதியை அழைத்திருக்கும்போது இதற்கு நிகர் இல்லை. வெயிலுக்கும் இதுவே சுகம்.

டிங்கிக்கு வேண்டாம். இதில் "அனுபவசாலிக்குப் பரவாயில்லை" என்ற சமாதானமும் வேண்டாம். டிங்கி கவிழ்வது சாதாரணம். கவிழ்ந்ததும் தானியங்கி ஜாக்கெட் ஊதிக்கொள்ளும். ஊதிய ஜாக்கெட்டோடு நீந்துவது கஷ்டம், படகில் ஏறுவது அதைவிடக் கஷ்டம், வாயுவை இறக்கிவிட்டு ஓட்டினால் அன்றைக்கு உங்களிடம் மிதவை அங்கியே இல்லை என்றுதான் அர்த்தம்.

இதில் மூன்று உட்பிரிவு. கயிற்றை இழுத்தால் மட்டும் ஊதுவது விலை குறைவு, ஆனால் தலையில் பூம் அடித்து மயங்கி விழுந்தவர் கயிற்றை இழுக்க மாட்டார். நனைந்தால் கரையும் வில்லை உள்ளது பரவலாகக் கிடைக்கிறது, ஆனால் தெறிக்கும் நீரிலும் ஈரமான லாக்கரிலும் வில்லை முதுமையடையும், எதிர்பாராத நேரத்தில் வெடித்து ஊதும், சில ஆண்டுக்கொருமுறை தேதி பார்த்து மாற்ற வேண்டும். நீரின் அழுத்தத்தில் இயங்குவது மழைக்கும் தெறிப்புக்கும் அசையாது, கொஞ்சம் அமிழ்ந்தால்தான் ஊதும், அதன் விலையும் மாற்றுப் பாகத்தின் விலையும் அதிகம். வாங்கினால் கடைசியாகச் சொன்னதை வாங்குவேன்.

மறைமுகச் செலவு இங்கேதான் குவிந்திருக்கிறது. ஒருமுறை ஊதினால் உள்ளே இருக்கும் வாயு சிலிண்டரும் இயக்கும் பாகமும் புதிதாக வேண்டும், வேலூரில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. அழுத்த வாயு என்பதால் அனுப்புவதிலும் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கோவாவுக்கோ மும்பைக்கோ பந்தயத்துக்குப் போகிறவர் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று விளக்க முடியாது.

பராமரிப்பை வீட்டில் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். சிலிண்டரைத் திருகிக் கழற்றி, அதன் மேல் பொறித்திருக்கும் மொத்த எடையைப் பாருங்கள். 150 நிலையில் பெரும்பாலும் 33 கிராம் வாயு இருக்கும், பொறித்திருப்பது உருக்கோடு சேர்ந்த எடை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம் வரை காட்டினால் அதுவே போதும், சந்தேகமிருந்தால் தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் வினோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. எடை குறைந்திருந்தால் வாயு கசிந்திருக்கிறது. துளை விழுந்த சிலிண்டரையே திரும்ப மாட்டி வைத்திருக்கும் ஜாக்கெட்டுகளும் உண்டு, வெளியே பார்த்தால் தெரியாது. அப்புறம் வாயால் ஊதும் குழாய் வழியாகப் பையை ஊதி, இரவு முழுக்க வைத்து, காலையில் அதே விறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் இந்த வகை உங்களுக்கு இல்லை.

## கிளப் இரவல்

சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் போன்ற இடங்களில் பயிற்சி என்றால் ஜாக்கெட்டும் சேர்ந்தே வருவது வழக்கம். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதுவே புத்திசாலித்தனம். பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடிக்குமா என்று தெரியும் முன் எதற்குக் காசு?

பந்தய நாளுக்கு மட்டும் நம்ப வேண்டாம். அன்று எல்லாரும் வருவார்கள். நீங்கள் காட்பாடியில் அதிகாலை ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோ பேரம் பேசிப் போய்ச் சேரும்போது நடுத்தர அளவெல்லாம் போயிருக்கும், கொக்கி உடைந்ததும் எக்ஸ்எல்லும்தான் மிச்சம். எக்ஸ்எல் ஜாக்கெட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளை நீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே, பிள்ளை கீழே. பொறுப்பு மட்டும் 1.2இன்படி போட்டவருடையதே, கொடுத்தவருடையது அல்ல.

## ஒரே பார்வையில்

| | 50 ஃபோம் | 100–150 ஃபோம் | வாயு 150 | இரவல் |
|---|---|---|---|---|
| கவிழும் டிங்கி | இதுதான் | சிக்கும் | வேண்டவே வேண்டாம் | அளவு கிடைத்தால் |
| கீல் படகு, கரையோரம் | நீச்சல் தெரிந்தால், அறிவிப்பு அனுமதித்தால் | நீச்சல் தெரியாதவருக்கு | மிக நன்று | பரவாயில்லை |
| ஆஃப்ஷோர் விதி உள்ள பந்தயம் | செல்லாது | 150 என்றால், மற்ற இணைப்புகளோடு | இதுதான் | கேட்டுப் பார்த்து |
| மயங்கியவரைத் திருப்புமா | திருப்பாது | 100 ஒருவேளை, 150 திருப்பும் | ஊதினால் திருப்பும் | எது கிடைத்ததோ அது |
| வெயில் | தாங்கும் | கஷ்டம் | சுகம் | வாடை வேறு |
| தொடர் செலவு | குறைவு | குறைவு | அதிகம் | இல்லை |

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் நம் பக்கம் அதிகம், "எனக்கு நீச்சல் தெரியும், ஜாக்கெட் எதற்கு" என்பார்கள். கிணற்றில் அலையும் நீரோட்டமும் இல்லை, எந்தப் பக்கம் போனாலும் நாலு கையில் சுவர் வந்துவிடும், பூம் வந்து மண்டையில் அடிப்பதும் இல்லை. நீச்சல் தெரிவது 50 நிலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம், போடாமல் இருக்கக் காரணம் அல்ல.

ஒரே ஜாக்கெட்டில் எல்லாம் முடியாதா என்றும் கேட்கிறார்கள். டிங்கியும் ஓட்டி, ஆண்டுக்கு ஒருமுறை நண்பரின் கீல் படகிலும் போகிறவர் என்றால், 50 சொந்தமாக வாங்குங்கள், 150 அந்தப் படகுக்காரரிடம் கேளுங்கள். படகில் உள்ளவர்களின் பாதுகாப்பு படகுக்குப் பொறுப்பாளரின் தட்டிக்கழிக்க முடியாத கடமை என்று ஆஃப்ஷோர் விதிகள் சொல்கின்றன, ஒழுங்கான படகில் ஆளுக்கொன்று இருக்கும். போன பிறகு அதை நீங்களே ஒருமுறை திறந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

## காகிதம் தெளிவாக இல்லாதபோது

"இதற்குச் சமமான தரம்" என்ற சொற்றொடர் வரும் இடத்தில்தான் தகராறு. நீங்கள் வைத்திருப்பது சமமா என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல, கடைக்காரரும் அல்ல. பந்தயத்துக்கு முன்பே அமைப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: 40.1 எப்போதும் பொருந்துமா, கொடி ஏறினால் மட்டுமா? ஆஃப்ஷோர் விதி உண்டா, உண்டென்றால் எந்தப் பிரிவு? இணைத்திருக்கும் லேபிளுள்ள ஜாக்கெட்டை ஏற்பீர்களா? லேபிளை வெளிச்சத்தில், தர எண்ணும் எடை அளவும் படிக்கும்படி படமெடுத்து இணையுங்கள்.

படகுத்துறையில் யாரோ ஒரு அதிகாரி வாய்மொழியாக "அதெல்லாம் பரவாயில்லை சார்" என்று சொல்வதை வைத்து இறங்க வேண்டாம். எஸ்ஐயில் மாற்றம் எழுத்தில், அதிகாரபூர்வ அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். வாய்மொழி மாற்றம் தண்ணீரில் மட்டுமே, அதற்கான நடைமுறை எஸ்ஐயில் எழுதியிருந்தால் மட்டுமே செல்லும். இப்போதெல்லாம் அந்தப் பலகை ஒரு இணையப் பக்கமாகவோ வாட்ஸ்அப் குழுவாகவோ இருக்கலாம், எது என்று எஸ்ஐயிலேயே போட்டிருப்பார்கள். அரட்டைக் குழுவும் அறிவிப்புக் குழுவும் தனித்தனியாக இருந்தால் பதில் எதில் வந்தது என்று பாருங்கள். அரட்டைக் குழுவில் வந்திருந்தால், அதையே அறிவிப்புக் குழுவிலும் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, சோதனை நாளன்று அந்த மின்னஞ்சலை ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், துறைமுகத்தில் போன் நனைந்துபோகும்.